சிவப்பு மஞ்சள் சட்டையும் மாதச் சம்பளமும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்பந்து ஒரு பிழைப்பாவதற்கு வெகுகாலம் முன்பே அது வேலை வாங்கித் தரும் வழியாக இருந்தது. நன்றாகப் பந்தாடும் இளைஞனுக்கு ரயில்வேயில், மின்வாரியத்தில், காவல் துறையில், வங்கியில் ஓரிடம் கிடைத்தது. ஆட்டத்துக்கென்று சம்பளம் கிடையாது. ஆனால் ஆடத் தெரிந்தவன் என்பதால் சம்பளம் வந்தது. அணிப் பற்றும் அரிசிப் பானையும் ஒரே அடுப்பில் இருந்த காலம் அது. 1989-இல் பகுதிநேரத் தொழில்முறை லீக் வந்தபோது இரண்டும் தனித்தனியாகப் பிரியத் தொடங்கின. அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டக்காரரும், யாருடைய சட்டையைப் போடுவது, எத்தனை நாளுக்குப் போடுவது, எதற்காகக் கழற்றுவது என்று தானே கணக்குப் போட வேண்டி வந்தது.

இதன் தொடக்கம் இருப்புப் பாதையில் இருக்கிறது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் ரயில் பாதை 1886-இல் திறக்கப்பட்டது. செங்கற்சூளைகள் இருந்ததால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் பின்னர் ரயில்வே ஊழியர் குடியிருப்பாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும் அங்கே குவார்ட்டர்ஸ் வீடுகளில் குடியேறினார்கள். வடக்கே செந்தூலில் ரயில்வேயின் மையப் பட்டறை எழுந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் அதைச் சுற்றிக் குடியமர்ந்தார்கள். 1914-இல் செந்தூலில் தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் அமைந்தது. டி.பி.சி.ஏ. என்ற நான்கு எழுத்துச் சுருக்கத்திலேயே அதை அறிந்தவர்கள் இன்றும் அதிகம். மாலை வேலை முடிந்து பட்டறைச் சங்கு ஊதியதும் திடலுக்குப் போகிற வாழ்க்கை அங்கே பிறந்தது. அலுவலகத்தில் ஒரே மேசையைப் பகிர்ந்தவர்கள் ஒரே அணியில் ஆடினார்கள். வேலை, வீடு, கோயில், திடல் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருந்தால் அணிப் பற்றைத் தனியாகக் கற்பிக்கத் தேவையில்லை.

1921-இல் மலாயா என்ற போர்க்கப்பல் இந்தக் கரைக்கு வந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்டு, 1916-இன் ஜட்லண்ட் கடற்போரில் அடிபட்டுத் திரும்பிய கப்பல். அதன் மாலுமிகளும் அதிகாரிகளும் நன்றிக்கடனாக வழங்கிய கோப்பைதான் மலாயா கோப்பை. இன்றைய மலேசியக் கோப்பையின் மூலம் அது. முதல் ஆண்டின் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்று சிலாங்கூரை வென்றது. அடுத்த ஆண்டே சிலாங்கூர் கோப்பையை எடுத்தது. அன்று தொடங்கி 2015-இல் கெடாவை 2-0 என வென்றது வரை 33 முறை அந்தக் கோப்பை சிலாங்கூருக்கு வந்திருக்கிறது. வேறெந்த மாநிலமும் அந்த எண்ணிக்கைக்கு அருகில் இல்லை.

இந்தக் கோப்பை ஒரு புதுப் பற்றை உண்டாக்கியது. அது மாநிலப் பற்று. ஆட்டக்காரர் தாம் வாழும் மாநிலத்துக்கு ஆடினார். சட்டையை மாற்றுவதென்றால் ஊரையே மாற்ற வேண்டும். அரசு ஊழியராக இருந்தால் இடமாற்ற உத்தரவு அந்த வேலையைச் செய்துவிடும். இபோவுக்கு மாற்றலானவர் அடுத்த ஆண்டு பேராவுக்கு ஆடுவதை யாரும் துரோகமாகப் பார்க்கவில்லை. வயிற்றுப்பாட்டைத் தீர்மானித்தது துறை; ஆட்டம் அதன் பின்னால் போனது.

பழைய ஆட்டக்காரர்கள் காசுக்கு ஆடாமல் மாநிலத்துக்காக ஆடினார்கள் என்று முதியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மைதான். அவர்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது. அரசு வேலையென்றால் ஓய்வூதியம். தனியார் வேலையென்றால் 1951-இல் சட்டமான ஊழியர் சேம நிதி. குவார்ட்டர்ஸ் வீடு இருந்தது, அரசு மருத்துவமனையில் படுக்கை இருந்தது. முழங்கால் பிசகி ஓராண்டு படுத்தாலும் மேசை காத்திருந்தது. பயிற்சிக்குச் சீக்கிரம் போக அனுமதியும், போட்டிக்குச் சம்பளத்தோடு விடுப்பும் கிடைத்தன. முப்பத்திரண்டு வயதில் ஆட்டம் முடிந்தாலும் ஐம்பத்தைந்து வரை வேலை இருந்தது. இத்தனை பாதுகாப்பின் மேல் நின்று மாநிலச் சட்டையை நேசிப்பது இயல்பாக வந்தது. இந்த அடித்தளத்தைச் சொல்லாமல் அந்தப் பற்றை மட்டும் எடுத்து இன்றைய இளைஞர் முன் நீட்டுவது நியாயமாகாது.

தோட்டப்புறத்தில் நிலைமை வேறு. கிள்ளான், காப்பார், கேரித் தீவுப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் திடல் இருந்தது, அணி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் லாரி ஏறிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய் ஆடினார்கள். அந்த ஆட்டம் நிரந்தர வேலையாக மாற வேண்டுமென்றால் பையன் பட்டணத்துக்கு வர வேண்டும். யாரோ ஒரு துறை அணிப் பொறுப்பாளர் கண்ணில் பட வேண்டும். படாதவர்கள் பால்மரத்துக்கே திரும்பினார்கள். நாட்டின் தமிழ் ஆட்டக்காரர் பரம்பரையில் தோட்டத்துக் கால்கள் எத்தனை இருந்தன என்பதைக் கணக்கிட்டால், பட்டணம் வராமல் தொலைந்தவை அதைவிடப் பல மடங்கு இருக்கும்.

வேலைக்குப் பதிலாகப் படிப்பைப் பிடித்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். மணி ஜெகதீசன் மருத்துவம் படித்துக்கொண்டே ஓடினார். 1960, 1964, 1968 என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் தொடரோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அரையிறுதிக்குப் போனார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. 1968-க்குப் பின் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவ ஆய்வுக்குத் திரும்பினார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தின் தலைமை வரை உயர்ந்தார். இன்று அப்படி ஒரு கால் இருந்தால் காலணி நிறுவனங்கள் வாசலில் நிற்கும். அன்று ஓட்டத்தால் வரும் வருமானம் என்று ஒன்றே இல்லை. ஆகவே ஓட்டத்தைக் காக்கலாமா தொழிலைக் காக்கலாமா என்ற தவிப்பு பணக் கேள்வியாக எழவில்லை. நேரக் கேள்வியாகவே இருந்தது. அதே பாங்காக் போட்டியில் பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வென்ற எம். ராஜமணிக்கும் ஓட்டம் வாழ்வாதாரம் ஆகவில்லை. பூப்பந்தில் பஞ்ச் குணாளன் 1971-இல் இங் பூன் பீயோடு இணைந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றபோது பரிசாகக் கிடைத்தது புகழ்தான்.

அமெச்சூர் என்ற அந்த ஏற்பாட்டில் முதல் விரிசலை உண்டாக்கியது ஹாங்காங். 1970-களின் தொடக்கத்தில் அங்கே ஜார்டின், செய்கோ போன்ற நிறுவனங்களின் அணிகள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு முழுநேரச் சம்பளம் தரத் தொடங்கின. சிலாங்கூருக்கு ஆடிய கோல் காவலர் சாவ் சீ கியோங் ஆசியாவின் சிறந்த காவலராகத் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கொண்டாடப்பட்டவர். அவர் ஹாங்காங் போனார். அந்த நாட்களில் ஒலிம்பிக் அமெச்சூர்களுக்கு மட்டுமே. தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கு அந்தக் கதவு மூடிக்கொள்ளும். 1971-இல் சியோலில் தென்கொரியாவை வீழ்த்தி மலேசியா முதன்முறையாக ஒலிம்பிக் காற்பந்துக்குத் தகுதி பெற்றது. மியூனிக்கில் மேற்கு ஜெர்மனியிடம் 0-3, அமெரிக்காவை 3-0, மொரோக்கோவிடம் 0-6 என்று முடிந்த அந்தப் பயணத்தில் சாவ் இல்லை. தற்காப்பில் நின்ற எம். சந்திரன், நடுத்திடலில் ஆடிய வோங் சூன் வா ஆகியோர் அந்த அணியில் ஆடினார்கள். வோங் சூன் வாவும் பின்னர் ஹாங்காங்கில் தொழில்முறை ஆட்டக்காரரானார்.

சாவ் எடுத்த முடிவை அன்று பலர் குறை கூறியிருக்கலாம். ஆனால் கணக்கு எளிது. நாட்டுக்கு ஒருமுறை ஒலிம்பிக் ஆடினால் நினைவில் நிற்கலாம். ஹாங்காங்கில் சில ஆண்டுகள் ஆடினால் குடும்பம் நிமிரலாம். இரண்டையும் ஒருவரே பெறக்கூடாது என்று விதி வகுத்தவர்கள் பெரும்பாலும் பணக் கவலை இல்லாத கனவான்கள்.

1980-இல் கதை தலைகீழானது. அந்த ஆண்டு ஏப்ரல் 6 அன்று மெர்டேக்கா அரங்கில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் இறுதியாட்டம். சோ சின் ஆன், சந்தோக் சிங், நீண்ட கைகளால் ஸ்பைடர்மேன் என்று பெயரெடுத்த சிலாங்கூரின் ஆர். ஆறுமுகம், வெற்றிக் கோலை அடித்த ஜேம்ஸ் வோங் ஆகியோர் நின்ற அணி தென்கொரியாவை 2-1 என்று வென்றது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மலேசிய அரசு மாஸ்கோ போட்டியைப் புறக்கணித்தது. ஒலிம்பிக்குக்காக வெளிநாட்டுச் சம்பளத்தைத் தள்ளி வைத்தவர்களுக்கு ஒலிம்பிக்கும் கிடைக்கவில்லை. அரசின் முடிவுக்கு அரசியல் நியாயம் இருந்தது. ஆயினும் நாட்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்புக்கான ஈடு எதுவும் வகுக்கப்படவில்லை என்பதையும் அதே ஏட்டில் எழுத வேண்டும். ஆறுமுகம் 1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35.

அந்தத் தலைமுறையின் சின்னம் மொக்தார் டாஹாரி. 1953-இல் செத்தாப்பாக்கில் பிறந்து, விக்டோரியா கல்விக்கூடத்தில் படித்து, 1972-இல் சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் சட்டை அணிந்தவர். மாநில அளவில் வேறு சட்டையை அவர் அணியவே இல்லை. சிலாங்கூர் மாநில வளர்ச்சிக் கழகத்தின் அணியோடும், பின்னாளில் குவோங் இக் வங்கி அணியோடும் அவர் பெயர் இணைந்திருந்தது; பந்து ஒரு பக்கம், அலுவலகம் ஒரு பக்கம் என்ற பழைய ஏற்பாட்டின் கடைசிப் பெரிய மனிதர் அவர். அவர் காலத்தில் சிலாங்கூர் பத்து முறை மலேசியக் கோப்பையை வென்றது. 1975-இல் ஆர்சனலை எதிர்த்து மெர்டேக்கா அரங்கில் சிலாங்கூர் 2-0 என்று வென்றது. 1978-இல் இங்கிலாந்து ‘பி’ அணிக்கு எதிராகத் தனியாகப் பந்தைக் கொண்டுபோய் அவர் அடித்த கோல் இன்றும் பேசப்படுகிறது. நாட்டுக்காக அவர் அடித்த 89 கோல்களை ஃபிஃபா பின்னாளில் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டது. நரம்பு நோயால் 1991 ஜூலை 11 அன்று 37 வயதில் மறைந்தார். மலேசியாவில் விசுவாசம் என்றால் இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மொக்தாரிடம் விசுவாசம் கேட்ட சமுதாயம் அவருக்கு அலுவலக வேலையும் கொடுத்திருந்தது.

எண்பதுகளின் நடுவில் கோலாலம்பூர் அணி வேறொரு வழியைக் காட்டியது. கூட்டரசுப் பிரதேசத்துக்கென்று நீண்ட காற்பந்துப் பாரம்பரியம் இல்லை. 1974-இல்தான் கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிந்து தனிப் பிரதேசமானது. பாரம்பரியம் இல்லாத அணி ஆட்களை வெளியிலிருந்து வாங்கியது. பயிற்றுநர் சாவ் குவாய் லாம் தலைமையில் சிங்கப்பூரின் ஃபாண்டி அகமது, மாலிக் அவாப் போன்றவர்கள் வந்தார்கள். ஃபாண்டி அதற்குமுன் நெதர்லாந்தின் குரோனிங்கனில் தொழில்முறையாக ஆடியவர். 1987, 1988, 1989 என்று மூன்று இறுதியாட்டங்களிலும் கெடாவை முறையே 5-1, 3-0, 2-0 என்று வென்று கோலாலம்பூர் தொடர்ந்து மூன்று கோப்பைகள் எடுத்தது. சிங்கப்பூர்க்காரர் கோலாலம்பூருக்கு ஆடி வென்றதைத் தலைநகரின் ரசிகர்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். பிறந்த மண்ணுக்கே ஆட வேண்டும் என்ற எழுதாத சட்டம் அந்த மூன்று ஆண்டுகளில் செத்தது.

1989-இல் பகுதிநேரத் தொழில்முறை லீக் தொடங்கியது. 1994-இல் முழுத் தொழில்முறையானது. ஆட்டக்காரர் அலுவலகத்தை விட்டு முழுநேரமாகத் திடலுக்கு வந்தார். ஓய்வூதியம், குவார்ட்டர்ஸ் எல்லாம் பின்னால் போயின. மாறாகக் கையில் ஒரு ஒப்பந்தத் தாள் வந்தது. பெரும்பாலும் ஓராண்டுக்கானது. நவம்பரில் அது முடியும். ஆள் தேவையா இல்லையா என்பது டிசம்பரில் தெரியும். குழந்தை பள்ளியில் சேரும் காலமும் வேலை இருக்கிறதா என்று தெரியும் காலமும் ஒன்றாயின.

பாதுகாப்பு இல்லாத இடத்தில் சூதாட்டக் கும்பல் நுழைந்தது. 1994 பருவத்தில் ஆட்டங்களை விற்றார்கள் என்ற விசாரணையில் 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள்; 58 பேர் இடைநீக்கம், ஆட்டக்காரரும் பயிற்றுநருமாக 21 பேர் பணிநீக்கம். சிலர் வசிப்பிடக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சிங்கப்பூர் அந்தப் பருவத்தோடு மலேசியப் போட்டிகளை விட்டு வெளியேறியது. குற்றத்துக்குச் சமாதானம் கிடையாது. அணியை விற்றவன் ரசிகனையும் தன் பக்கத்தில் நின்ற தோழனையும் விற்றான். ஆனால் அந்த அழிவுக்குப் பின் சங்கங்கள் செய்த சீர்திருத்தம் பெரும்பாலும் காவலும் தண்டனையுமாகவே இருந்தது. சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்ற கேள்விக்கு நிறுவன வடிவம் வர மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

அந்த இடைவெளியில் கிள்ளான் பள்ளத்தாக்கில் அணிகள் தோன்றுவதும் மறைவதும் வழக்கமாயிற்று. பெட்டாலிங் ஜெயா நகராண்மைக் கழகத்தின் எம்.பி.பி.ஜே. அணி 2003-இல் சபாவை 3-0 என்று வென்று மலேசியக் கோப்பையை எடுத்தது. கிளப் அணி ஒன்று அதை எடுத்தது அதுவே முதல்முறை. சில ஆண்டுகளில் அந்த அணியே இல்லை. சிலாங்கூர் பப்ளிக் பேங்க் அணியும் அதே காலத்தில் லீக்கிலிருந்து விலகியது. இந்திய இளைஞர்களுக்கு மேடை அமைக்கும் நோக்கத்தோடு வந்த மீஃபா என்ற அணி 2017-இல் பிரிமியர் லீக்கை எட்டியது. 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. தோட்டத்துத் திடல்களும் தமிழ்ப்பள்ளித் திடல்களும் சுருங்கிப்போன பிறகு தமிழ்ப் பையன்களுக்கென்று ஒரு தொழில்முறைப் பாதை இருந்ததென்றால் அது அதுதான். 2022 பருவம் முடிந்ததும் அந்த அணி லீக்கை விட்டு விலகியது. ஆட்டக்காரர் அணியை விட்டுப் போனால் துரோகம். அணி ஆட்டக்காரரை விட்டுப் போனால் நிர்வாக முடிவு. இந்த இரட்டை அளவுகோல் மலேசியக் காற்பந்தின் பெரிய அநீதி.

2009-இல் மலேசியத் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர் சங்கம் அமைந்தது. பல மாநில அணிகளின் சம்பள நிலுவைகளை அது ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தது. வீட்டு வாடகை கட்ட முடியாத ஆட்டக்காரர்கள், காருக்கான தவணை தவறியவர்கள், சேம நிதிக்குப் பிடித்த பணம் கட்டப்படாததைப் பின்னர் கண்டவர்கள் என்று கதைகள் வந்தன. 2018 ஜூன் முதல் நாளிலிருந்து ஃபிஃபாவின் விதி ஒன்று நிலைமையை ஓரளவு மாற்றியது: இரண்டு மாதச் சம்பளம் நியாயமின்றி நிறுத்தப்பட்டால், ஆட்டக்காரர் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்டுவிட்டு, பணம் வராத நிலையில் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். விசுவாசத்துக்கு எத்தனை மாதம் எல்லை என்று உலகச் சட்டமே எழுதிவிட்ட தருணம் அது.

இதே காலத்தில்தான் தெற்கிலிருந்து ஜொகூர் டாருல் தாக்சிம் எழுந்தது. 2013 தொடங்கி அது நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்களை வாரியெடுத்தது. சிலாங்கூரின் சாபிக் ரஹிம் போனார். காஜாங்கில் வளர்ந்து இந்தோனேசியாவில் ஆடித் திரும்பிய சாஃபி சாலி போனார். பக்கவாட்டில் மின்னல் வேகம் கொண்ட எஸ். குணாளன் சிலாங்கூரில் ஆடியபின் 2014-இல் ஜொகூருக்குப் போனார். ஷா ஆலம் அரங்கில் அவர்களுக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. ஆனால் ஜொகூரில் சம்பளம் நாள் தவறாமல் வந்தது, பயிற்சித் திடலும் மருத்துவ வசதியும் இருந்தன, 2015-இல் ஏ.எஃப்.சி. கோப்பையை வென்ற முதல் தென்கிழக்காசிய அணி என்ற பெருமையும் வந்தது. அலுவலக வேலை கொடுத்த பாதுகாப்பை இருபது ஆண்டுகளுக்குப் பின் ஓர் அணி மறுபடி கொடுத்தபோது ஆட்டக்காரர்கள் அங்கே போனதில் வியப்பில்லை.

தலைநகரின் கோலாலம்பூர் சிட்டி அதற்கு மறுபக்கம். 2021 நவம்பர் 30 அன்று அது ஜொகூரை 2-0 என்று வென்று 32 ஆண்டுகளுக்குப் பின் மலேசியக் கோப்பையை எடுத்தது. அடுத்த ஆண்டு ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதியாட்டம் வரை போய் புக்கிட் ஜாலிலில் ஓமானின் அல்-சீப் அணியிடம் 0-3 என்று தோற்றது. பிந்திய ஆண்டுகளில் அந்த அணியின் சம்பள நிலுவை மீண்டும் மீண்டும் செய்தியானது. சம்பளம் தாமதமான மாதங்களிலும் ஆட்டக்காரர்கள் திடலுக்கு வந்து ஆடினார்கள். பற்று என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. அதைச் சுரண்டாமல் இருப்பது நிர்வாகத்தின் கடமை.

மாணவ ஆட்டக்காரரின் நிலை இவற்றோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. ஷா ஆலத்தின் யு.ஐ.டி.எம். பல்கலைக்கழக அணி 2020-இல் சூப்பர் லீக்குக்கு உயர்ந்து ஆறாம் இடம் பிடித்தது. பல்கலைக்கழகச் சட்டையில் நாட்டின் உச்ச லீக் ஆடுவது மலேசியாவில் அதற்குமுன் இல்லாத செய்தி. மறு ஆண்டே அது கீழே இறங்கியது. அங்கே பட்டப்படிப்பு ஆட்டக்காரருக்குப் பின்துணையாக இருந்தது. பழைய ரயில்வே மேசையின் இடத்தில் ஒரு சான்றிதழ். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டே பெரும் வணிகம் என்பதால் அங்கே கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. 2016-இன் முதல் நாளில் நடந்த அமெரிக்கக் காற்பந்தின் ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில் நோட்டர் டாம் பல்கலைக்கழகத்தின் ஜேலன் ஸ்மித் முழங்கால் தசைநார் கிழிந்து, தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் தேர்வில் முதல் சுற்றை இழந்தார். அதோடு பெருந்தொகையும் போனது. அந்த ஆண்டின் முடிவில் ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் லூசியானாவின் லெனர்ட் ஃபோர்னெட்டும் தங்கள் கல்லூரியின் கடைசி ஆட்டத்தை ஆட மறுத்தார்கள். இருவரும் சில மாதங்களில் முதல் சுற்றிலேயே தேர்வானார்கள். கோடிக்கணக்கில் வருமானம் ஈட்டித் தரும் மாணவனுக்குச் சம்பளம் தராத அமைப்பு, அவனிடம் முழங்காலைப் பணயம் வைக்கச் சொல்லும் உரிமையை எங்கிருந்து பெற்றது என்பதே அங்கு நடந்த வாதம்.

கோலாலம்பூரில் அதே வாதம் காற்பந்தைவிடப் பூப்பந்தில்தான் வெளிப்படையாக வெடித்தது. மலேசியப் பூப்பந்துச் சங்கம் இளவயதிலிருந்தே ஆட்டக்காரரை வளர்க்கிறது: பயிற்சி, தங்குமிடம், பயணச் செலவு, மாதப் படி எல்லாம் அதனுடையது. பதிலுக்கு விளம்பர உரிமை சங்கத்திடம் இருக்கும். எந்தப் போட்டிக்குப் போவது என்பதையும் அதுவே முடிவு செய்யும். 2021-இல் அகில இங்கிலாந்துப் பட்டம் வென்ற லீ சீ ஜியா 2022 ஜனவரியில் சங்கத்தை விட்டு விலகினார். அதே மாதம் சங்கம் அவருக்கும், உடல்நலக் காரணத்தால் விலகித் தனியாக ஆட விரும்பிய கோ ஜின் வெய்க்கும் அனைத்துலகப் போட்டிகளில் ஈராண்டுத் தடை விதித்தது. நாடே இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. சில நாட்களில் தடை திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆண்டு மே மாதம் பாங்காக்கில் தாமஸ் கோப்பை காலிறுதியில் மலேசியாவுக்காக இறங்கிய லீ, இந்தியாவின் லக்ஷ்யா சென் என்பவரை வென்றார். அணி 2-3 என்று தோற்றது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே லக்ஷ்யாவை வென்று வெண்கலம் எடுத்தார். விலகியவர் நாட்டுக்கு ஆட மாட்டார் என்ற அச்சம் வெறும் அச்சமாகவே முடிந்தது.

கிள்ளானில் பிறந்த தீனா முரளிதரனின் வழி இன்னொன்று. பியர்லி டானோடு இணைந்து அவர் 2022 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிய இணையிடம் தோற்று நான்காம் இடம் பெற்றார். மலேசியாவில் அந்த ஒரு படி பெரிய வேறுபாடு: ஒலிம்பிக் வெண்கலத்துக்கு ஒரு லட்சம் ரிங்கிட் பரிசும் மாதம் 2,000 ரிங்கிட் ஓய்வூதியமும் உண்டு, நான்காம் இடத்துக்கு அந்த ஓய்வூதியம் கிடையாது. 2024-இன் இறுதியில் இருவரின் ஒப்பந்தமும் முடிந்தது. புதிய நிபந்தனைகளில் உடன்பாடு எட்டாமல் பேச்சு 2025-க்குள் நீண்டது. அந்த நாட்களில் அவர்களை நன்றி மறந்தவர்கள் என்று பேசியவர்களும் இருந்தார்கள். ஒரு விளையாட்டாளரின் உச்ச வருமானக் காலம் ஆறேழு ஆண்டுகள். அதற்குள் தன் உழைப்பின் விலையைக் கேட்பது எந்த எழுத்தருக்கும், எந்தப் பொறியாளருக்கும் உள்ள உரிமை. பேச்சு முடிந்து அவர்கள் சங்கத்திலேயே தொடர்ந்தார்கள். 2025 ஆகஸ்டு இறுதியில் பாரிஸில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியில் மகளிர் இரட்டையர் இறுதியாட்டத்துக்கு வந்த முதல் மலேசிய இணையாகி, வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினார்கள்.